வீட்டில் படிக்கும் குழந்தையின் பெயர் அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. மகளுக்கு வாசிப்பதில் சிரமம் உண்டு. அதை வைத்தே பள்ளியில் தொடர்ந்து கேலி செய்தார்கள். புகார் கொடுத்தும் எதுவும் மாறாததால் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். இரண்டு வருடமாக வீட்டில்தான் படிக்கிறாள், நன்றாகவே தேறி வருகிறாள். மகன் பள்ளிக்கே போனதில்லை. இப்போது வீட்டில் படிக்கும் குழந்தைகள் எல்லாரையும் பதிவு செய்யச் சொல்லி எங்கள் ஊரில் சட்டம் வரப்போகிறது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். "பெயரைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நாளைக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்" என்கிறது எங்கள் பெற்றோர் குழு. "மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது, கொடுத்துவிடு" என்கிறார் கணவர். மகளோ, "என்னை மறுபடியும் ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்கிறாள். பதிவு கேட்பது நியாயமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்த விவாதத்தில் எல்லாரும் மறந்துபோகிற ஆள் அவள்தான். பதிவேட்டில் பெயர் ஏறிய ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புவதில்லை. வீட்டுக் கல்வியை ஏற்கும் நாடுகளில் அதற்குத் தனி நடைமுறை உண்டு. உதாரணத்துக்கு இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தகுந்த கல்வி கிடைக்கவில்லை என்று உள்ளாட்சிக்குத் தோன்றினால் முதலில் பெற்றோருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். விளக்கம் தரக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால்தான் பள்ளியில் சேர்க்கச் சொல்லும் உத்தரவு. தேறி வருகிற பிள்ளைக்கு அது வரக் காரணமே இல்லை. இதை இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

நான் குடும்ப வழக்குகளும் குழந்தை நல வழக்குகளும் பார்க்கிற வழக்கறிஞர். வீட்டிலேயே படித்து நன்றாக வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வந்திருக்கிறார்கள். வெளியாள் ஒருவர் கண்ணிலும் படாமல் துன்பப்பட்ட பிள்ளைகளின் கோப்புகளையும் படித்திருக்கிறேன். இரண்டையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்: பதிவு வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட பதிவு என்று கேட்டால், உங்கள் குழுவினர் பயப்படுகிற விஷயங்களில் பாதிக்கு மேல் நானும் அவர்கள் பக்கம்தான்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் ஒரு நாட்டின் சட்டப் பிரிவுகளுக்குள் போகாமல், எங்கேயும் பொருந்தக்கூடியதை எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் உண்டு. ஜெர்மனியில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். அங்கே பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை 2013-ல் மூன்று வாரம் பிரித்து வைத்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019-ல், இது குடும்ப வாழ்க்கைக்கான உரிமையை மீறியதாகாது என்று தீர்ப்பளித்தது. இன்னொரு கோடியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். அங்கே வீட்டில் கற்பிக்கப் போவதாக அரசிடம் தெரிவிக்கக்கூடத் தேவையில்லை. அதே நாட்டின் நியூயார்க் மாநிலத்திலோ ஆண்டுத் தொடக்கத்தில் பாடத்திட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, ஆண்டு முடிவில் மதிப்பீடு என்று எல்லாம் உண்டு. அயர்லாந்து நடுவில் நிற்கிறது. அங்கே 2000-ல் வந்த சட்டப்படி வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது. குறைந்தபட்சக் கல்வி கிடைக்கிறதா என்று அதிகாரி ஒருவர் பார்ப்பார். பெற்றோரே வீட்டில் கற்பிக்கும் உரிமை அந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே இருப்பதால், அதைப் பதிவேட்டால் பறிக்க முடியாது.

உங்கள் ஊரில் வரப்போவது இவற்றில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் ஆதரிப்பதும் தவறு, எதிர்ப்பதும் தவறு. தகவல் சொல்வது ஒன்று, அனுமதி கேட்பது வேறு, ஆண்டுதோறும் தேர்வுக்கு உட்படுவது இன்னும் வேறு. குழுக்களில் நடக்கும் சண்டையில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிப்போகின்றன.

பதிவு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம், குழந்தை தனி மனிதன் என்பது. 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7-வது பிரிவு, பிறந்த உடனே குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நாம் யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசு தரும் அனுமதி என்றும் நினைப்பதில்லை. இப்படி ஒரு ஆள் இருக்கிறான், இவனுக்கு உரிமைகள் உண்டு என்று எழுதி வைக்கிறார்கள், அவ்வளவுதான். அதே உடன்படிக்கையின் 28-வது பிரிவு ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி உரிமையைத் தருகிறது. அந்த உரிமை உங்கள் மகனுடையது. பெற்றோர் என்ற முறையில் அதை நிறைவேற்றும் வழியை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26-வது பிரிவும், பிள்ளைகளுக்கு எந்த வகைக் கல்வி என்பதைத் தேர்ந்தெடுப்பதில் பெற்றோருக்கே முன்னுரிமை என்கிறது. ஆனால் அந்தக் கல்வி உரிமை அவனுக்குக் கிடைக்கிறதா என்று கேட்க, வீட்டுக்கு வெளியே ஒருவருக்காவது அவன் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். மகள் பள்ளியில் இருந்தவள், அவள் பெயர் எங்கோ ஒரு ஏட்டில் இருக்கிறது. பள்ளிக்கே போகாத மகனைப் பற்றிக் கல்வித் துறைக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

இங்கிலாந்தில் பல காலமாக இருக்கிற முரண் இதுதான். கல்வி கிடைக்காத பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வேண்டியது உள்ளாட்சியின் சட்டப்படியான கடமை. ஆனால் பள்ளியில் ஒருமுறையும் சேராத பிள்ளையைப் பற்றி உள்ளாட்சியிடம் சொல்லும் கடமை பெற்றோருக்கு இருந்ததில்லை. 2024 இலையுதிர் காலத்தில் எடுத்த கணக்கில், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் சுமார் 1,11,700 பேர் என்று வந்தது. உள்ளாட்சிகளுக்குத் தெரிந்த பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும்தான் அது. கட்டாயப் பதிவு வேண்டும் என்று அரசு நியமித்த ஆய்வு 2009-லேயே பரிந்துரைத்தது. அடுத்து வந்த மசோதாவிலிருந்து 2010 தேர்தலுக்கு முன் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். 2022-ல் மறுபடி ஒரு மசோதா வந்தது, அதையும் அந்த ஆண்டுக் கடைசியில் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில் மூன்றாவது முறையாகக் கொண்டுவந்தார்கள். ஒரு விஷயம் இத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதில் தீராத தேவை ஒன்று இருக்கிறது, தீராத பயமும் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்லாத சட்டம் நிலைக்காது.

தேவை எது என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் படிப்பதாகக் காகிதத்தில் எழுதப்பட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் உங்களைப் போன்ற பெற்றோர் வாய்ப்பதில்லை. மதிப்பெண் குறைவாக வாங்குகிற, வகுப்பில் தொந்தரவு கொடுக்கிற பிள்ளையை, "நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் நீக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லி வெளியே அனுப்பும் பள்ளிகள் உண்டு. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு ஏற்ற இடம் கிடைக்காமல், வேறு வழியின்றி வீட்டில் வைத்திருக்கும் தாய்மார்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. கைவிடப்பட்டவர்கள். பதிவேடு இல்லாத இடத்தில் இந்தப் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். எந்தப் பள்ளியிலிருந்து வருடத்துக்கு எத்தனை பேர் இப்படி வெளியேறுகிறார்கள் என்ற கணக்கு இருந்தால், உங்கள் மகளின் புகாரைக் கண்டுகொள்ளாத பள்ளி மாதிரியானவை வெளியே தெரியவரும். பதிவேடு பெற்றோரைக் கண்காணிக்கிறது என்று மட்டும் எல்லாரும் பேசுகிறார்கள். சரியாக அமைத்தால் அது பள்ளிகளையும் கேள்வி கேட்கும். இந்தப் பேச்சு உங்கள் குழுவில் வந்ததா என்று தெரியவில்லை. வராவிட்டால் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, பேசவே கஷ்டமான விஷயம். வீட்டில் படிப்பதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகள் கொடுமைக்கு ஆளாகி இறந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. இப்படிப் பதிவுச் சட்டம் கேட்கும் குரல்கள் பெரும்பாலும் அவற்றுக்குப் பிறகுதான் எழுகின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2008-ல் ஏழு வயதுச் சிறுமி பட்டினியால் இறந்தாள். 2023-ல் இங்கிலாந்தின் தெற்கே பத்து வயதுச் சிறுமி சொந்த வீட்டிலேயே கொல்லப்பட்டாள். "இந்த இரண்டு குழந்தைகளைப் பற்றியும் அதிகாரிகளுக்கு ஏற்கெனவே தெரியும்" என்று உங்கள் குழுவினர் சொல்வார்கள். உண்மைதான். இரண்டிலும் பள்ளி ஆசிரியர்கள் முன்பே குழந்தை நலத் துறையிடம் சொல்லியிருந்தார்கள். 2023 மார்ச்சில் உடலில் காயம் இருப்பதைப் பார்த்துப் பள்ளி தகவல் கொடுத்தது. ஏப்ரலில் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். ஆகஸ்டில் அவள் உயிரோடு இல்லை. பதிவேட்டில் பெயர் இருந்திருந்தால் மட்டும் அவள் பிழைத்திருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்த தகவலின் மேல் உரிய காலத்தில் யாரும் நடவடிக்கை எடுக்காததுதான் அங்கே நடந்த தவறு.

ஆனால் வேல்ஸில் 2011-ல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஸ்கர்வி நோயால் இறந்தான். வைட்டமின் சி கிடைக்காமல் வருகிற, எளிதாகக் குணப்படுத்தக்கூடிய நோய் அது. அவனைப் பற்றி ஒருவர் கவலை தெரிவித்து, கல்வி அலுவலர்கள் வீடு வரைக்கும் போனார்கள். குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று கேட்க அவர்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை, திரும்பி வந்துவிட்டார்கள். ஆகவே இப்படி ஒரு சட்டமும் பதிவேடும் எதற்குமே உதவாது என்று ஒரேயடியாகச் சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குழந்தைகள் நலனுக்கான அரசு அலுவலகம் 2018-ல் ஒரு கணக்கு எடுத்தது. ஆறு கல்வி மாவட்டங்களில் மூன்று ஆண்டுகளில் வீட்டுக் கல்விக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் 380 பேர். அவர்களில் 138 பேரின் குடும்பங்களைப் பற்றி, கொடுமை அல்லது புறக்கணிப்பு என்ற சந்தேகத்தின் பேரில் ஒரு புகாராவது முன்பே ஏற்கப்பட்டிருந்தது. இந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். புகார் என்பது நிரூபணம் ஆகாது. 242 பேரின் குடும்பங்களைப் பற்றி அப்படி ஒன்றும் இல்லை. வீட்டில் கற்பிப்பவர்கள் எல்லாரையும் சந்தேகிக்க இது காரணமாகாது. ஆனால், குழந்தை நல விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால், அந்த ஒரு நேரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம். இங்கிலாந்தின் 2024 மசோதாவிலும் இதற்கு இடம் இருந்தது. விசாரணையிலோ பாதுகாப்புத் திட்டத்திலோ இருக்கும் பிள்ளையை நிறுத்த உள்ளாட்சியின் சம்மதம் வேண்டும் என்று அது சொன்னது. என் பார்வையில் இந்தச் சட்ட விவாதங்களிலேயே குழந்தையின் உயிரைக் காப்பாற்ற அதிக வாய்ப்புள்ள பகுதி இதுதான். உங்களைப் போன்ற குடும்பங்களை இது தொடவே தொடாது.

அப்புறம், உங்கள் குழுவின் பயம். அது வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். பிரான்ஸில் 1882-ல் கல்வியைக் கட்டாயமாக்கியபோதே வீட்டில் கற்பிக்கவும் இடம் கொடுத்தார்கள். நீண்ட காலம் பெற்றோர் ஒரு அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்றுதான் இருந்தது. 2021-ல் வந்த சட்டம் அதை முன் அனுமதியாக மாற்றியது. 2022-லிருந்து உடல்நலம், தீவிர விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, ஊர் ஊராகப் போகும் குடும்பம் அல்லது பள்ளி எட்டாத தூரம், குழந்தைக்கே உரிய தனிச் சூழ்நிலை ஆகிய நான்கு காரணங்களில் ஒன்றைக் காட்டினால்தான் அனுமதி. ஸ்வீடனில் 2011-லிருந்து அசாதாரணமான சூழ்நிலை இருந்தால் மட்டுமே வீட்டுக் கல்வி. இன்றைக்குப் பெயரை மட்டும் கேட்பவர்கள் நாளைக்கு அனுமதி வாங்கு என்று சொல்லக்கூடும் என்பது நடந்த கதைதான்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து ஒளிந்துகொள்வது இல்லை. வரம்புகளைச் சட்டத்துக்குள்ளேயே எழுத வைப்பதுதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வீட்டுக் கல்விக்குப் பதிவு ஏற்கெனவே கட்டாயம். அங்கே 2024-ல் தேசியப் பாடத்திட்டத்தையும் கட்டாயமாக்கப் பார்த்தார்கள். பெற்றோர் திரண்டு எதிர்த்தார்கள், அரசு அதைக் கைவிட்டது. தங்கள் பெயரோடும் எண்ணிக்கையோடும் வெளியே நிற்பவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார முடியும். எத்தனை பேர் என்றே தெரியாதவர்களுக்காக எந்த அரசும் தேர்வு மையம் திறக்காது, நிதியும் ஒதுக்காது.

என்னைக் கேட்டால் பதிவேட்டில் இருக்க வேண்டியவை: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, முகவரி, பொறுப்புள்ள பெரியவர்கள் யார், கல்வி முழுவதும் வீட்டிலா அல்லது பகுதி நேரம் வேறு எங்காவதா. இதற்கு மேல் எதையும் கட்டாயமாகக் கேட்கக் கூடாது. இங்கிலாந்து மசோதாவின் முதல் வடிவத்தில், தாய் எவ்வளவு நேரம், தந்தை எவ்வளவு நேரம் கற்பிக்கிறார்கள் என்றுகூட விவரம் கேட்டிருந்தார்கள். வீட்டுக் கல்வி எப்படி நடக்கிறது என்று பார்த்த யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மகன் ஒரு எண்ணைப் புரிந்துகொள்வது பாட நேரத்திலா விளையாட்டு நேரத்திலா என்று யார் பிரித்துச் சொல்வது? நேர்மையான பெற்றோர் இதற்குப் பொய்யாக ஏதோ ஒரு எண்ணைத்தான் எழுத வேண்டியிருக்கும். சட்டம் ஒருவரைப் பொய் எழுத வைக்கக் கூடாது.

முகவரி விஷயத்தில் நான் மிகக் கண்டிப்பானவன். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பி, இருக்கிற இடம் தெரியாமல் பிள்ளைகளோடு வாழும் பெண்களுக்காக வழக்காடியிருக்கிறேன். அவர்கள் முகவரி தவறான கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. யார் பதிவேட்டைப் பார்க்கலாம், பார்த்தவர் பெயர் குறிக்கப்படுமா, வேறு துறைகளுக்குத் தருவார்களா, குழந்தை கட்டாயக் கல்வி வயதைத் தாண்டியதும் அழிப்பார்களா என்பதற்கெல்லாம் மசோதாவிலேயே பதில் இருக்க வேண்டும். "விதிகளில் பின்னர் வகுக்கப்படும்" என்று ஒரு வரியில் முடித்திருந்தால், அதை எதிர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று: பதிவு மறுக்க முடியாததாக இருக்க வேண்டும். நீங்கள் தகவல் கொடுத்தால் அலுவலகம் எழுதிக்கொண்டு ரசீது தர வேண்டும். அதற்குக் கட்டணமோ நிபந்தனையோ கூடாது. கல்வி எப்படிப் போகிறது என்று பார்ப்பது வேறு வேலை, அது வேறு பிரிவில் வேறு விதிகளோடு வர வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை ஒருவர் வந்து பேசிவிட்டுப் போவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எழுத்துத் தேர்வு என்றால், வாசிக்கச் சிரமப்படும் உங்கள் மகள் எதிலிருந்து தப்பி வந்தாளோ அதற்குள்ளேயே அவளைத் திரும்பத் தள்ளுவது மாதிரி ஆகிவிடும். மதிப்பீட்டாளர் விஷயத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். மதிப்பீட்டாளரைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம், அவருக்கு உரிய தகுதி இருந்தால் போதும். அவர் வருடத்தின் வேலைத் தொகுப்பைப் பார்த்து, குழந்தையோடு பேசி, கல்வி நடக்கிறது என்று எழுதித் தருவார்.

பெயரைக் கேட்கிற அரசு, பதிலுக்கு என்ன தருகிறது என்றும் கேளுங்கள். நியூசிலாந்தில் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து விலக்குப் பெற்று வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு தவணையாகச் சிறு உதவித்தொகை கொடுக்கிறார்கள். பணம் முக்கியமில்லை என்றே வைத்துக்கொள்வோம். தனித் தேர்வராகப் பொதுத்தேர்வு எழுத மையம் வேண்டும். வாசிப்புச் சிரமத்துக்கு நிபுணர் பரிசோதனையும் தேர்வில் கூடுதல் நேரமும் வேண்டும். மகள் என்றைக்காவது விரும்பினால் பள்ளிக்குத் திரும்ப வழி வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கிற இவையெல்லாம் பதிவு செய்த வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக் கல்வியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் தேர்வு எழுத வைக்கிறார்கள். சட்டம் பேசாமல் இருப்பதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். கணவன் மனைவி பிரிகிற வழக்கு ஒன்று வந்தால், பள்ளிக்கு அனுப்பாததையே எதிர்த்தரப்பு முதல் ஆயுதமாக எடுக்கும். அப்போது காட்ட ஒரு காகிதமாவது கையில் இருப்பது நல்லது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. சட்டம் நிறைவேறினால் இரண்டு பிள்ளைகளையும் குறித்த நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யாமல் இருந்து, பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் புகாரால் அதிகாரி வாசலுக்கு வந்தால், நீங்கள் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் பேச்சு "ஏன் மறைத்தீர்கள்?" என்பதிலிருந்துதான் தொடங்கும். படிவத்தில் எவை கட்டாயம், எவை விருப்பம் என்று பார்த்துக்கொண்டு கட்டாயமானதை மட்டும் நிரப்புங்கள். எல்லாவற்றுக்கும் நகலும் தேதி போட்ட ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்தே மாதத்துக்கு ஒரு உறை போட்டு, மகள் எழுதியதில் இரண்டு மூன்று பக்கங்களைத் திருத்தாமல் அப்படியே போட்டு வையுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய தாள் ஏதாவது இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மகனுக்குப் படங்களும், அவன் கேட்ட கேள்விகளைக் குறித்த ஒரு நோட்டும் போதும்.

அலுவலர் வருவதாகச் சொன்னால் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வருகிறார் என்று மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். சட்டம் இடம் கொடுத்தால் வீட்டுக்குப் பதில் நூலகம் போன்ற பொது இடத்தில் சந்திக்கலாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பதில் சொல்லப் பயிற்சி கொடுக்காதீர்கள், அது உடனே தெரிந்துவிடும். அவர்களுக்கும் அது பயத்தைத்தான் கொடுக்கும்.

உங்கள் கணவரின் முடிவு சரி, காரணம் எனக்கு ஒப்பவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கும் கதவைச் சாத்திக்கொள்ள உரிமை உண்டு. குடும்பத்தின் தனிமையை அரசு மதிக்க வேண்டும் என்று அவரும் சேர்ந்து கேட்டால், உங்கள் குழுவோடு உங்களுக்கு இருக்கிற மனத்தாங்கல் பாதி குறையும்.

கருத்துக் கேட்பில் கட்டாயம் பங்கெடுங்கள். குழு எழுதித் தருவதை அப்படியே நகலெடுத்து அனுப்பாமல் உங்கள் கதையைச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். பள்ளியில் மகளுக்கு என்ன நடந்தது, புகார் எப்படிக் கிடப்பில் போனது, இப்போது எப்படிப் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு, மேலே நான் சொன்ன வரம்புகளில் உங்களுக்கு ஒப்பானவற்றைக் கேளுங்கள். மகளையும் கேட்டுப் பாருங்கள். தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. விருப்பம் இருந்தால் அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, தனிக் கடிதமாக அனுப்பலாம். விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். மசோதாவின் நகல் கிடைத்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள், எந்தப் பிரிவில் என்ன திருத்தம் கேட்கலாம் என்று வரிக்கு வரி குறித்துத் தருகிறேன்.